குங்குமம் கேட்காத கல்

கரிசல் காட்டில் கல் கிடைக்காது. ஆள் ஆழத்துக்குத் தோண்டினாலும் கறுப்பு மண்தான் வரும். வரப்பில் ஒரு கல் ஊன்றுவதென்றால்கூட வெளியூரிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். நான் இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம். கல்லே இல்லாத மண்ணில் ஒரு கல் கிடந்தால் அது எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். பெரும்பாலும் தண்டவாளத்தில் கொட்டிய ஜல்லியாக இருக்கும், இல்லையென்றால் கரிமூட்டத்தில் வெந்து இறுகிய மண்கட்டியாகவோ கொல்லுப் பட்டறையில் உருகிக் கொட்டிய கசடாகவோ இருக்கும். என்றைக்காவது ஒன்று வானத்திலிருந்து விழுந்ததாக இருக்கலாம்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். கோவில்பட்டியில் தீப்பெட்டி பண்டல் ஏற்றினேன். பிறகு லாரியில் கிளீனராக வடக்கே போனேன். ராஜஸ்தானில் ஆக்சில் உடைந்து வண்டி கிடந்தபோது, அங்கே டீக்கடை வைத்திருந்தவர் துணி சுற்றிய ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். வானத்திலிருந்து வந்தது என்றார். அந்த அளவுக் கல்லுக்கு அவ்வளவு கனம் இருக்கக் கூடாது. கையைத் தாழ்த்திவிட்டேன். அப்போது பிடித்தது இந்தக் கல் பைத்தியம். அதற்குப் பிறகு ஃபோனில் இதற்கென்றே இருக்கிற குழுக்களில் சேர்ந்தேன். படித்தவர்கள் இங்கிலீஷில் எழுதுவதை ஃபோனே தமிழாக்கிக் கொடுக்கும். பாதி புரியும். கிடைத்த ஒன்றிரண்டு சிறு துண்டுகளை விற்றும் இருக்கிறேன். இப்படிக் கிடைக்கும் கல்லை அரசாங்கத்திடம் சொல்ல வேண்டும் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படிக்காதவன் போல விரலால் தள்ளிவிட்டேன்.

உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு கம்பின் நுனியில் கட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த காடுகளில் நடப்பேன். விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறி, நினைத்த இடத்தில் இறங்கிக்கொள்வேன். டீக்கடைகளில் என்னைத் தெரியும்.

"அண்ணாச்சி, நேத்து நிலா முழுசா இருந்துச்சே. நீங்க அதுல ஒரு துண்டும் பொறுக்கலையா?" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே டீ குடிப்பேன்.

ஒரு சித்திரையில் அந்த டீக்கடைக்கே ஒரு இளைஞர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். காய்ப்பு ஓய்ந்த மிளகாய்ச் செடிகளைப் பிடுங்கும்போது தேங்காய் அளவில் கறுப்பாக ஒரு கல் கிடைத்ததாம். அவரோடு போனேன். ஓட்டு வீடு. அவர், அவர் அம்மா, கல்யாணமாகி வந்து வருஷம் திரும்பாத அவர் மனைவி என்று மூன்று பேர். கல்லை ஒரு சாக்கின் மேல் வைத்திருந்தார்கள். தெருவே கூடிவிட்டது.

பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினேன். காந்தம் லேசாக இழுத்தது. மேல்தோல் கருகியது போல இருந்தது. கனம் இருந்தது. இவ்வளவு தெரிந்தால் "இருக்கலாம்" என்றுதான் சொல்ல வேண்டும். ஓரத்தில் அறுத்துப் பார்த்து, உள்ளே வெள்ளியைப் போல இரும்புப் பொட்டுகள் தெரிந்தால்தான் அதற்கு மேல் பேச வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"வானத்துக் கல்லேதான்" என்றேன்.

பிறகு அதை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று சொன்னேன்.

"வெறுங்கை படக் கூடாது. தண்ணி ஆகவே ஆகாது. ஈரக் கையோட யாரும் கிட்டப் போகாதீங்க. புதுத் துணியில சுத்தி அரிசிக்குள்ள வச்சிருங்க."

"குங்குமம் வைக்கலாமா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார்.

"குங்குமம், சந்தனம், எண்ணெ, ஒண்ணுமே பூசக் கூடாது. தரையில வைக்காதீங்க, உயரத்துல இருக்கட்டும். ஆளாளுக்கு எடுக்க வேண்டாம். யாராவது ஒரு ஆளு பொறுப்பா பாத்துக்கிடுங்க."

நான் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. கல்லுக்குள் இரும்பு இருக்கும், வேர்வை பட்டால் துருவேறும், அரிசி ஈரத்தை இழுக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். துருவேறினால் விலை போய்விடும் என்ற ஒன்றை மட்டும் சொல்லாமல் விழுங்கினேன். விலை என்று வாயைத் திறந்தால் எவ்வளவு என்று கேட்பார்கள், வேறு ஆளை விசாரிப்பார்கள். வாங்க ஆள் பிடித்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. விலைக்காக என்று அன்றே சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடியிருப்பார்கள்.

வாங்க ஆள் கிடைக்கவில்லை. லாரியில் வடக்கே போய்விட்டேன். வழியில் ஃபோன் தொலைந்து நம்பரும் மாறிவிட்டது. திரும்பி வந்தபோது கார்த்திகை.

அந்த வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. ஏதோ விசேஷம் போல என்று நினைத்து அப்படியே படியேறினேன்.

"அண்ணாச்சி, செருப்பு" என்றார் வெளியே நின்ற ஒருவர். "முறை சொல்லிக் குடுத்த நீங்களே இப்படி ஏறுனா எப்படி?"

உள்ளே சுவரில் உயரமாக ஒரு பலகை அடித்து, அதன்மேல் பித்தளைப் பானை. பானை நிறைய அரிசி. அதற்குள் வெள்ளைத் துணியில் சுற்றிய கல். வெள்ளிதோறும் அந்த அம்மா தலைக்குக் குளித்து, கை நன்றாகக் காய்ந்த பிறகு அரிசியை மாற்றுகிறாராம். அந்த வருஷம் மழை நேரத்துக்குப் பெய்திருந்தது. பக்கத்து ஊரிலிருந்து வந்த பெண்ணிடம் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"இது குங்குமம் கேக்காத சாமி பாத்துக்க. சூடம் வேண்டாம், தண்ணி வேண்டாம். வெறுங்கை பட்டா ஆகாது. ரொம்பச் சுத்தம் பாக்கும்."

எல்லாம் என் வார்த்தைகள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் வீட்டில் மருமகள் இல்லை என்று கண்ணில் பட்டது.

அந்த இளைஞர் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "ஐப்பசி அடைமழையில அம்மா அரிசி மாத்தத் துணியப் பிரிச்சாவ. துணியெல்லாம் செவப்பு. கல்லுலயும் செவப்பா வழிஞ்சிருக்கு. சாமி ரத்தம் கக்கிருச்சுன்னு ஊரே கூடிட்டு. முந்துன நாள் இவ ஈரக் கையோட அந்தப் பக்கமிருந்து வந்தத அம்மா பாத்திருக்காவ. அம்புட்டுத்தான். புதியம்புத்தூருக்கு, அவ அம்மா வீட்டுக்கு அனுப்பியாச்சு."

"திரும்ப எப்ப கூட்டிட்டு வரப்போறீங்க?"

"கல்லுல செவப்பு மாறுனா வரட்டும்னு அம்மா சொல்லுதாவ."

துரு தானாக மாறாது. அந்தப் பெண் இனி அந்த வீட்டுக்கு வரப்போவதில்லை என்று அங்கே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

உள்ளே போய் அந்த அம்மாவிடம் சொன்னேன். "அது ரத்தம் இல்ல, துரு. அரிவாள்ல ஏறும்லா, அதேதான்."

"சாமி மேல துரு ஏறுமா?"

"சாமி இல்லம்மா, அது கல்லு."

"கல்லுக்கு எதுக்குத் தம்பி கையில உறையை மாட்டுனீங்க?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "துருவேறுனா விலை கொறைஞ்சிரும்னுதான்" என்றேன்.

"அப்ப விலை பேசத்தான் வந்தீரு. சாமி இல்லைன்னு சொன்னா தூக்கிக் குடுத்துருவோம்னு நெனச்சீராக்கும்?"

கூட்டத்தில் சிரித்தார்கள். என் மரியாதை 'நீங்க'ளிலிருந்து 'நீரு'க்கு இறங்கியதை நான் கவனித்தேன். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அந்த நிமிஷத்திலும் துரு எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று மனதின் ஒரு மூலை யோசித்துக்கொண்டிருந்தது.

வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் இரண்டு கைகளையும் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட வந்து கல்லைத் தூக்கிப் பிடித்தேன். "பாருங்க, என்ன ஆயிருச்சு?"

ஒரு பெரியவர் பக்கத்தில் நின்றவனிடம் சொன்னார்: "ஏலே, அவரு தொடலாம்லே. முறை சொன்னவரே அவருதான?"

அதோடு என் சாட்சி முடிந்தது. அப்போது அந்த இளைஞர்தான் கேட்டார். "அவ வந்து எல்லார் முன்னாலயும் தொடட்டும்மா. ஒண்ணும் ஆகலைன்னா வீட்டுல இருக்கட்டும்."

அம்மா யோசித்தார். "தொடட்டும். பாப்போம்" என்றார்.

வழி பிறந்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாளே புதியம்புத்தூருக்கு பஸ் ஏறினேன்.

அந்தப் பெண் ஒரு தையல் யூனிட்டில் குழந்தைகளின் கவுன்களுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். மிஷின் சத்தத்தில் பேச முடியாது என்று வெளியே வந்தார். சேலை முழுக்க நூல் துணுக்கு. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் கல்லத் தொடவே இல்ல அண்ணாச்சி" என்றார். "ஓட்டுல ஒழுகுச்சு. நேரா அந்தப் பானைக்குள்ள சொட்டிக்கிட்டிருந்துச்சு. அரிசியெல்லாம் ஊறிப்போச்சு. தண்ணி ஆகாதுன்னு நீங்க சொன்னீங்கல்லா, அதான் துணியோட தூக்கி, வேற அரிசி போட்டு, பலகையில தள்ளி வச்சேன். அதுல நனைஞ்ச கைதான்."

நான் சொன்னதை நான் சொன்ன அர்த்தத்தில் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்.

"இத அங்கன சொல்லலையா?"

"சொன்னேன். கை ஈரமா இல்லையான்னு மட்டும்தான் கேட்டாவ."

"பரவால்ல. ஒரே ஒரு தடவை வந்து, எல்லாரும் பாக்கத் தொட்டுருங்க. அதோட முடிஞ்சிரும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் எதுக்குத் தொடணும்? திருடுனவளையா கூட்டிட்டு வந்து நிறுத்துதீங்க? ஊரு கூடி நின்னு எனக்கு என்ன ஆகுதுன்னு பாக்கணுமோ? உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படிக் கூப்பிட பஸ் ஏறி வருவீங்களா?"

நான் நல்ல செய்தி கொண்டு வந்திருப்பதாக அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கல்லு அந்த வீட்ட விட்டுப் போகணும். அது இருக்க வீட்டுல நான் இருக்க மாட்டேன். போய்ச் சொல்லுங்க" என்றுவிட்டு மிஷினுக்குத் திரும்பினார்.

போய்ச் சொன்னேன். ஒழுகியதையும் சொன்னேன். அந்த இளைஞர் ஏணியைச் சாத்திக் கூரை மேல் ஏறினார். பலகைக்கு நேர் மேலே ஒரு ஓடு விரிந்திருந்தது. இறங்கி வந்தவர் நேரே பலகைக்குப் போனார். பானையிலிருந்து கல்லைத் துணியோடு எடுத்து என் பைக்குள் வைத்தார்.

"கொண்டுபோகட்டும்" என்றார் அம்மா. "அதுக்குத்தான வந்தாரு."

வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பெண் வர முடியாது. வாங்கிக்கொண்டால் அந்த அம்மா சொன்னது மெய்யாகும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். எனக்குப் பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது: "ஒரு குடும்பத்தப் பிரிச்சுல்லா கல்ல வாங்கிட்டுப் போறாரு."

கோவில்பட்டி அறையில் மற்றக் கற்களோடு அதைச் சேர்த்து வைக்க மனம் வரவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். தை மாதம் விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணை எதிரில் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவராகவே வந்தார். கணவர் வந்து கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார். மாமியார் தண்ணீர்கூட அவர் கையால் வாங்குவதில்லையாம். சாமியை விரட்டியவள் என்று தெருவில் பேச்சாம்.

"அந்தக் கல்லு என்னன்னு தெரிஞ்சுச்சா?"

"இன்னும் அறுக்கல" என்றேன்.

"அறுக்காமலேயா எங்க வீட்டுல வந்து அவ்வளவும் சொன்னீங்க?"

அவருடைய பஸ் வந்துவிட்டது. "அறுத்துட்டு எதுவானாலும் சொல்லுங்க" என்று கணவரின் நம்பரைச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

மறுநாள் கிரானைட் அறுக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். தண்ணீர் விட்டு அறுத்துக் கொடுத்தார்கள். உள்ளே ரொட்டித் துண்டைப் போலக் குமிழ் குமிழாகத் துளை. வானத்துக் கல்லில் அப்படிக் குமிழ் இருக்காது. கொல்லுப் பட்டறைக் கசடு. எப்போதோ எவரோ குப்பையோடு காட்டில் கொட்டியது.

அன்று மாலை ஃபோன் செய்தேன். அந்த இளைஞர் எடுத்து, மனைவியிடம் கொடுத்தார். சொன்னேன். கோழியை யாரோ விரட்டுகிற சத்தம் கேட்டது.

"இத என்கிட்டச் சொல்லி என்ன செய்ய?" என்றார். "அன்னைக்கு மாதிரி தெருவே கூடி நிக்கும்போது எங்க அத்தைகிட்ட வந்து நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. அறுத்ததையும் கொண்டாங்க."

"வாரேன்" என்றேன்.

இரண்டு தடவை அந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தேன். இரண்டு தடவையும் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். எல்லோரும் பார்க்க அந்தக் கூட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணிடம் அதையே கேட்டபோது எனக்கு அது ஒரு நிமிஷ வேலையாகத் தெரிந்தது.