பாய்லர் குழாயில் ஒரு துண்டுத் தோல்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டைக்குள் ஓர் அக்கிரகாரத் தெருவில் எங்கள் வீடு. மாமனார், என் கணவர், நான் என்று மூன்றே பேர். மாமியார் காலமாகிவிட்டார். எனக்கு அப்போது ஆறு மாசம், தலைச்சன் பிள்ளை. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கோபம்தான் வருகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மாமனாருக்குக் காலில் வாதம். குளத்தில் முங்கக் கூடாது, வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதற்காகவே குளிக்கிற அறையில் ஒரு பழைய செப்பு பாய்லர். நடுக்குழாயில் தேங்காய்ச் சிரட்டையைப் போட்டு மூட்டினால் போதும், தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். ஒரு நாள் அதன் அடிப்பாகம் ஈயப்பற்று விட்டுப் போய், நெருப்பு அணைந்து, அறை முழுக்கத் தண்ணீர். ஏற்கெனவே ஒட்டின இடத்திலேயே எத்தனை தடவை ஒட்டுவது என்று பாத்திரக்காரர் கைவிரித்துவிட்டார்.

யுத்த காலத்தில் செம்பு எங்கே கிடைக்கும்? கணவர் சாலைக் கடைத்தெருவில் நாய் மாதிரி அலைந்து, அதே பாத்திரக்காரரைப் பிடித்து, எப்படியோ புதுசு ஒன்று செய்ய வைத்துவிட்டார். கொண்டுவந்து வைத்த மனிதர் சும்மா போயிருக்கலாம். "பழசு மாதிரி ஒழுகாது சாமி, தண்ணி திறக்குற குழாய்க்குள்ள நல்ல தோல் வாஷர் போட்டிருக்கேன்" என்று பெருமை அடித்துக்கொண்டார். வந்தது வினை.

தோல் பட்ட ஜலத்தில் குளித்துவிட்டுப் பூஜையில் உட்கார முடியாது என்றார் மாமனார். மேல்மூடியைத் திறந்து மொண்டுகொள்ளலாமே என்று கணவர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். "தோல் ஊறின ஜலம் மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன? ஆத்துல அதெல்லாம் நடக்கப்படாது, கேட்டியோ" என்று பதில் வந்தது. கணவர் அத்தோடு ஆபீசுக்கு சைக்கிளை எடுத்துவிட்டார்.

புது பாய்லர் மூலையில் பளபளவென்று நின்றது. நான் பின்கட்டு அடுப்பில் அண்டாவை ஏற்றி, கொதித்த நீரைக் குடத்தில் மொண்டு, முற்றத்தைத் தாண்டி, நாலு படி இறங்கிக் கொண்டுபோய்க் கொட்டினேன். தினமும் நாலு குடம். இவள் வயிற்றில் ஏற்கெனவே ஒரு சுமை இருக்கிறதே என்று அந்த வீட்டு ஆண்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

இருபது நாள் இப்படிப் போயிற்று. ஐப்பசி மழையில் படியெல்லாம் பாசி. ஒரு நாள் காலையில் இரண்டாவது குடத்தோடு வழுக்கி விழுந்தேன். வெந்நீர் வலது காலில் கொட்டியது, இடுப்பு படியில் மோதியது. கால் கொப்பளித்ததைக்கூட நான் பார்க்கவில்லை. வயிற்றில் பிள்ளை அசையவில்லை. மருத்துவச்சி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, பொழுது சாயட்டும், பார்க்கலாம் என்று சொல்லிப் போனாள். நாள் முழுக்க வயிற்றில் கை வைத்துக்கொண்டு கிடந்தேன். கும்பிடாத சாமி இல்லை. மாமனார் வாசற்படியில் நின்று, "பாத்து நடக்கப்படாதோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு உள்ளே ஒரு உதை விழுந்தது. வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் கணவர் தண்ணீர் சுமந்தார். அதற்கு அடுத்த நாள் அவர் ஆபீசுக்குச் சீக்கிரம் போக வேண்டியிருந்ததால் மாமனாரே குடத்தைத் தூக்கினார். படுத்த இடத்திலிருந்து அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. இரண்டு குடம்தான். மூன்றாவதை அவர் எடுக்கவில்லை. அன்று மத்தியானமே பாத்திரக்காரருக்கு ஆள் போயிற்று.

அந்த மனிதர் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கிய கிழிந்த சைக்கிள் டியூபில் ஒரு வட்டம் வெட்டினார். தோலை எடுத்து எறிந்துவிட்டு அதைப் போட்டு முடுக்கினார். வாயில் போட்ட வெற்றிலையை மென்று முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. "இதுக்கா சாமி இத்தன நாளு கெடந்து கஷ்டப்பட்டிய? அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பமே மாத்தித் தந்திருப்பனே" என்றார்.

ரப்பர் மரத்துப் பால்தானே, அதில் தோஷமில்லை என்று மாமனார் தாமே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டார். இருபது நாளுக்கு முன்னாலும் அது மரத்துப் பாலாகத்தானே இருந்தது! தினமும் அந்தச் சைக்கிளில் போய்வந்த என் கணவருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? பாத்திரக்காரரிடம் நானாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். நான் பொறுத்தேன். பூமியை ஆளவில்லை, பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்தேன்.

அவள் நல்லபடியாகப் பிறந்தாள். இன்று அவளும் ஒரு வீட்டுக்கு மருமகள். காலில் தழும்பு இருக்கிறது, அது போகட்டும். இப்போதெல்லாம் யாராவது என்னிடம் "இது எங்க ஆத்து ஆசாரம்" என்று சொன்னால், அது சரியா தப்பா என்று நான் வாதாடப் போவதில்லை. அந்த ஆசாரத்துக்கு உங்கள் வீட்டில் குடம் தூக்குகிறது யார் என்று மட்டும் கேட்கிறேன்.