மூன்று மாடிக்கு மேல் பறக்காதவள்

என் அக்கா புருஷனைத் தெருவில் எல்லோரும் பல்லு மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர் அச்செடுத்து அனுப்புவதை வைத்துக்கொண்டு, கிளினிக்குக்குப் பின்னால் ஜன்னலில்லாத ஒரு அறையில் உட்கார்ந்து, அதில் பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஊற்றி, மெழுகில் பல்லை அடுக்கி, பொக்கை வாய்க்காரர்களுக்குச் சிரிப்பு செய்துகொடுப்பவர். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் அந்த வெள்ளை மாவு போகாது. எங்கள் வீட்டுக் கதவு, டம்ளர், என் கல்யாண ஆல்பம் எல்லாவற்றிலும் அவர் கைரேகை உண்டு.

இந்த மனிதருக்கு ஒரே பைத்தியம் காமிக்ஸ். கல்யாணமான புதிதில் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஒரு நாள் பொழுது போகாமல் ஒன்றைப் புரட்டினாள். அவ்வளவுதான், அவளும் காலி.

நான் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன். நாள் முழுக்க அடுத்தவன் தப்புக்கு நான் பிரேக் மிதிக்கிறேன். சாயங்காலம் போய், ஜட்டியை வெளியே போட்டுக்கொண்டு பறக்கிறவனைப் பற்றி வயதான இரண்டு பேர் வாதாடுவதைக் கேட்க எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் அக்கா போடும் காபி நன்றாக இருக்கும். அதனால் போவேன்.

அவர்கள் படிப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒருவரை விட்டு ஒருவர் ஒரு பக்கம்கூடப் புரட்டக் கூடாது. சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார்கள். வீரர்கள், வில்லன்கள், ராட்சதர்கள், போலீஸ் எல்லாம் மாமா குரல். நீலத்தும்பி என்ற பறக்கும் வீராங்கனை மட்டும் அக்கா. அவள் வசனம் வரும்போது மாமா கண்ணை மூடிக்கொள்வார். ஒவ்வொரு முறையும் புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன்னால் அக்கா தவறாமல் ஒன்று சொல்வாள்.

"என்னங்க, கை கழுவிட்டு வாங்க."

இந்த நீலத்தும்பி பெரிய ஆள் ஒன்றும் இல்லை. பறப்பாள், ஆனால் மூன்று மாடி உயரத்துக்கு மேல் முடியாது. அதற்கு மேலே போனால் மூச்சு வாங்கும். வாய் மட்டும் ஓயாது. அடி வாங்கும்போதுகூட எதிராளியை நக்கல் அடித்துக்கொண்டே வாங்குவாள். "இவ என்னை மாதிரிடா" என்பாள் அக்கா. "ஒசரம் மூணு மாடி, வாய் முப்பது மாடி." அதற்கு மாமா, "கடைசில சொன்னதுல கணக்கு கம்மி" என்பார்.

பிறகு அண்ட மகாயுத்தம் வந்தது. நிஜத்தில் இல்லை, காமிக்ஸில். அந்தக் கம்பெனிக்காரனுக்கு என்ன கொள்ளையோ தெரியவில்லை, தன்னிடம் இருந்த அத்தனை வீரர்களையும் ஒரே சண்டையில் இழுத்துவிட்டான். தும்பியின் புத்தகத்தில் அவள் ஒரு கதவைத் திறப்பாள். உள்ளே என்ன என்பது கடல் ராஜாவின் புத்தகத்தில் இருக்கும். அதை வாங்கினால், அங்கே அவள் ஏற்கெனவே காயத்தோடு நிற்பாள். காயம் எப்படிப் பட்டது என்றால், கட்டத்தின் மூலையில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி போட்டு, 'பார்க்க: இரும்பு நாடோடி' என்று இருக்கும். அந்த இரும்பு நாடோடி யார், எந்த ஊர் ஆள், ஏன் இதில் தலையிடுகிறான் என்று இவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

மாமா சாதுவான மனிதர். அவரே கடையில் சத்தம் போட்டார்.

"நான் தும்பியைப் பார்க்க வர்றவன்யா. என்னை எதுக்குய்யா ஊர்ல இருக்கற எல்லார் வீட்டுக்கும் அலைய விடறீங்க?"

கடைக்காரர் பாவம், என்ன செய்வார். "அண்ணே, எல்லாம் வாங்கினாதான் முழுசா புரியும்" என்றார்.

"எல்லாம் வாங்கினவன் எவனுக்காவது புரிஞ்சிருக்கா? அவனைக் கூப்பிடுங்க, நான் பார்க்கணும்."

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது தெரிந்தது. கொஞ்ச காலத்திலேயே ஆக்சிஜன் மெஷின் வீட்டுக்கு வந்துவிட்டது. சோபாவை நகர்த்திவிட்டு ஹாலில் கட்டில் போட்டோம். மூக்கில் குழாயோடு அவள் தும்பியின் வசனத்தைப் படிப்பாள். ஒரு வரியை மூன்று தவணையில் படிப்பாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். என்னால் அங்கே உட்கார முடியாது. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன்.

வரிசை தப்பியது அப்போதுதான். பாதிக் கதையில் வேறு புத்தகத்துக்கு ஓட அக்காவுக்குத் தெம்பில்லை என்று, தும்பியின் புத்தகங்களை மட்டும் ஒரே மூச்சாகப் படித்து முடித்துவிடலாம் என்றார் மாமா. படித்தார்கள். கடைசிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தும்பியின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. எல்லா வீரர்களும் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவள் எப்போது செத்தாள் என்று எங்கேயும் இல்லை. மூலையில் அதே நட்சத்திரம், அதே இரும்பு நாடோடி.

அக்கா முதலில் சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும். இருமி முடித்ததும் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"செத்ததைக் காட்டாம நேரா எடுத்துட்டுப் போறாங்க பாருடா" என்று என்னிடம் சொன்னாள். பிறகு மாமா பக்கம் திரும்பினாள். "அந்தப் புக்கு எனக்கு வேணுங்க. அவ எப்படிப் போனான்னு தெரியணும். பயந்தாளா, இல்ல அப்பவும் ஏதாவது பேசினாளான்னு பார்க்கணும்."

அவள் யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்று மாமாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் தெரியாத மாதிரி இருந்தோம்.

இரும்பு நாடோடி எங்கள் கடையில் தீர்ந்துவிட்டது. விசாரித்ததில், நகரத்தின் அந்தக் கோடியில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரதி இருப்பதாகத் தகவல் வந்தது. மாமா அன்று அரைநாள் லீவு போட்டு, அறையிலிருந்தே நேராக பஸ் பிடித்தார். அக்காவுக்குத் துணையாக நான் இருந்தேன். காலையில் அவள் நன்றாகத்தான் இருந்தாள். அதனால்தான் அவர் போனார். இதைப் பின்னால் பலரிடம் நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பெண்டாட்டி சாகக் கிடக்கும்போது படக்கதை வாங்கப் போனான் என்று பேசிய வாய்கள் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கின்றன.

அவர் திரும்பி வந்தபோது வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. அதைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு உள்ளே வந்து, அக்காவின் காலடியில் உட்கார்ந்தார். அழவில்லை. மெஷினை யாரோ நிறுத்தியிருந்தார்கள், அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. கேட்காத மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போனார், வந்தார். கட்டில் போன இடத்தில் சோபா திரும்ப வந்தது. அதில் அவர் உட்காரவே இல்லை.

பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. கையில் அந்தப் பழைய கடையின் காகிதப் பை.

"மாப்ள, கடைக்காரன் என்னை நடுரோட்டுல நிறுத்தி என்ன சொல்றான் தெரியுமா? 'அண்ணே, சந்தோஷமான விஷயம், உங்க ஆளு திரும்ப வர்றா'ங்கறான். அடுத்த யுத்தமாம். அதுல தும்பி உசிரோட வர்றாளாம்."

"விடுங்க மாமா. அவனுக வழக்கமா பண்றதுதானே."

"எப்படி விடறது?" என்று கத்தினார். என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "சாகடிக்கறதையும் ஒழுங்கா காட்டல. அழுது முடிக்கறதுக்குள்ள திரும்பக் கூட்டிட்டு வர்றானுக. அவனுகளுக்கு எல்லாம் விளையாட்டா இருக்கு. போனவ போனவதான்யா! அதைக்கூட எனக்கு விட்டுவைக்க மாட்டானுகளா?"

அப்போதுதான் அழுதார். மூக்கு ஒழுக, துடைக்காமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அழுகை அடங்கியதும், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"என் வீட்டுக் கதையிலயே எனக்கு அந்த நட்சத்திரக் குறிதான் மாப்ள கெடைச்சது. நீ அங்க இருந்தே. சொல்லு. மொதல்ல இருந்து வரிசையா சொல்லு."

சொன்னேன். மத்தியானம் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததையும், நான் டாக்டருக்குப் போன் செய்ததையும், அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டதையும் சொன்னேன். பயந்தாளா என்று கேட்டார். முதலில் கொஞ்சம் பயந்தாள் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம், வந்துட்டாரான்னு கேட்டா. வந்துட்டே இருக்காரு அக்கான்னேன். 'வந்தா கை கழுவிட்டு வரச் சொல்லுடா, அந்த மாவுக் கையோட புக்கைப் பிரிச்சுடப் போறாரு'ன்னா. அவ்வளவுதான் மாமா. அதுக்கப்புறம் பேசல."

மாமா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து போனார். குளியலறையில் குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்து, காகிதப் பையை என் மடியில் வைத்தார். உள்ளே அன்று வாங்கிய இரும்பு நாடோடி பிரிக்கப்படாமல் இருந்தது. அவளை விட்டுவிட்டு அவர் ஒரு பக்கம்கூடப் புரட்டியிருக்கவில்லை.

"அவ வசனத்தை நீ படி மாப்ள" என்றார்.

வில்லன், நாடோடி எல்லாம் அவர் படித்தார். பாதிப் புத்தகம் தாண்டியும் தும்பியைக் காணோம். பிறகு ஒரு பக்கத்தின் கீழ் மூலையில், இடிந்து விழும் ஒரு கட்டடத்தின் ஓரத்தில், விரல் நகம் அளவுக்கு அவள் இருந்தாள். இறக்கை எரிகிறது. வாய் திறந்திருக்கிறது. அவ்வளவு பேசியவளுக்கு அங்கே ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த பக்கம் வேறு யாரோ வேறு யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா அவளைப் பார்த்ததுமே கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். காத்திருந்தார்.

நான் அந்தக் கட்டத்தையே பார்த்தேன். பிறகு படித்தேன்.

"என்னங்க, கை கழுவிட்டு வாங்க."

மாமா கண்ணைத் திறக்கவில்லை.

"கழுவிட்டேன்" என்றார்.