மோர் என்றால் கடல்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு ஓட்டு வீட்டில் இருந்தோம். நாங்கள் என்றால் அம்மாவும் நானும்தான். அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். வீட்டின் பின்பக்கம் தனி வாசலோடு ஒரு அறை இருந்தது. ஆசிரமத்துக்கு வந்து தங்குகிறவர்களுக்கு அதை வாடகைக்கு விடுவோம்.

ஒரு தை மாதம் அந்த அறைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். நல்ல உயரம், கனத்த தோல் பூட்ஸ். இங்கிலாந்தா என்று கேட்டேன். வேல்ஸ் என்றார். அதுவும் இங்கிலாந்துதானே என்றேன். இல்லை, பக்கத்து நாடு, பாஷையே வேறு என்று, பல பேருக்குச் சொல்லிப் பழகிய பொறுமையோடு சொன்னார். அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"எந்த ஊராம்?"

"வேல்ஸாம்."

"வேலா? முருகன் ஊரா?"

அன்றிலிருந்து அவர் எங்களுக்கு வேல்ஸ்காரம்மா ஆனார்.

ஊரில் அவர் நர்ஸாக இருந்தவர். கடலோரத்தில் வீடு. ஒரு பக்கம் செங்குத்தான பாறையும் கடலும், மறுபக்கம் ஆடு மேயும் புல்வெளி, நடுவில் ஒற்றையடிப் பாதை. மழையோ காற்றோ, தினம் அதில் நாலைந்து மைல் நடந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்குமாம். இங்கே வந்த மூன்றாம் நாளே மலையைச் சுற்றக் கிளம்பிவிட்டார். எட்டரை மைல். பூட்ஸோடு புறப்பட்டவரை அம்மா வாசலில் மறித்தாள். இந்த மலையைச் சுற்றும்போது செருப்பு போடக் கூடாது என்று நான் விளக்கினேன். அவர் மறுபேச்சில்லாமல் கழற்றிவிட்டுப் போனார். பத்து மணிக்கு ஒரு மாட்டு வண்டியில் திரும்பி வந்தார். இரண்டு பாதத்திலும் கொப்புளம்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மஞ்சள் குழைத்து எடுத்துக்கொண்டு காலடியில் உட்கார்ந்தாள். நர்ஸம்மா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அம்மா விடவில்லை. புண் ஆறியதும் ஒரு ஏற்பாடு வந்தது: மண் பாதையில் வெறுங்கால், ஜல்லி கொட்டிய இடத்தில் ரப்பர் செருப்பு. அது சரியாக நடக்கிறதா என்று பார்க்க அம்மாவும் கூடப் போனாள்.

இது சாதாரண விஷயமில்லை. அப்பா போனதிலிருந்து அம்மா கடைக்குக்கூட என்னைத்தான் அனுப்புவாள். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டது இந்த அம்மாள்தான். அதுவும் பேச்சால் இல்லை. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் வாசலில் வந்து நின்றார், அவ்வளவுதான்.

இருவரும் தினமும் போனார்கள். முழுச் சுற்று வாரத்தில் இரண்டு நாள். மற்ற நாட்களில் பாதி வழியிலுள்ள அடி அண்ணாமலை கிராமம் வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். அந்தக் காலத்தில் பௌர்ணமி தவிர மற்ற நாட்களில் அந்தப் பாதையில் கூட்டமே இருக்காது. புளியமரங்களும், ஏர் ஓட்டிப் போகிறவர்களும், எதிரே வரும் ஆட்டு மந்தையும்தான். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவருக்குத் தமிழில் 'போதும்', 'சூடு', 'வாங்க' மூன்று வார்த்தைதான் வரும். என்னதான் பேசுவார்களோ என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். சாயங்காலம் நான் வந்ததும், சேர்த்து வைத்த கேள்விகளை இரண்டு பக்கத்திலிருந்தும் என் மேல் கொட்டுவார்கள்.

"அவங்க வீட்டுக்காரர் எங்கனு கேளுடி" என்றாள் அம்மா ஒருநாள்.

கேட்டேன். அவர் கல் குவாரியில் வேலை செய்தவர், நெஞ்சில் தூசி அடைத்து இறந்துபோனார் என்றார். அம்மா தலையாட்டினாள். எங்கள் பக்கத்துக் கல் உடைக்கிற ஆட்கள் இருமுவதை அவள் பார்த்திருக்கிறாள். அதற்குமேல் எதையும் கேட்கச் சொல்லவில்லை. எழுந்து போய் அவருக்கு இன்னொரு தோசை வார்த்து வந்தாள்.

இன்னொரு நாள் இருவரும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். வழியில் அம்மா சொம்பிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்து, "மோர், மோர்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவர் குடிக்காமல் திகைத்துப்போய், கையை அகல விரித்து அலை அலையாக ஆட்டிக் காட்டியிருக்கிறார். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அவர்கள் பாஷையில் கடலுக்குப் பெயர் மோர்.

"கடல் பூரா மோரா?" என்று அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்பா இறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அம்மா அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் பிறந்து, திருவண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டவள். வேலூருக்கு இரண்டு தடவை போயிருக்கிறாள். அவ்வளவுதான் அவள் பார்த்த உலகம்.

சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை. எனக்குப் பள்ளியில் பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலை இருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. சாவி பால்காரர் வீட்டில் இருந்தது. வழக்கமாக ஒன்பதரைக்குள் திரும்பிவிடுவார்கள். வெயில் கொளுத்துகிறது. சைக்கிளை மிதித்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். டீக்கடைக்காரர் இன்றைக்கு அவர்கள் வரவே இல்லை என்றார். கிணறு, பாம்பு, லாரி என்று எல்லாம் மனதில் வந்தது. மலைப் பாதையை முழுக்கச் சுற்றினேன். கண்ணில் படுகிறவர்களையெல்லாம் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை.

நான்கு மணிக்குச் சித்தப்பா வந்துவிட்டார். அவருக்கு முதலிலிருந்தே இந்த நடையில் பிரியம் இல்லை. அந்த வெள்ளைக்காரி அண்ணியை எங்கேயோ கூட்டிக்கொண்டு போய்விட்டாள், இதற்குத்தான் கண்டவர்களுக்கு ரூம் விடாதே என்று சொன்னேன் என்று ஆரம்பித்தார். உள்ளுக்குள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆறரை மணிக்கு இருவரும் தெருமுனையில் வந்தார்கள். வேல்ஸ்காரம்மாவின் முகம் தக்காளி மாதிரிச் சிவந்திருந்தது. அம்மாவின் புடவை முழங்கால் வரை விறைத்துப் போயிருந்தது. கிட்டே வந்தபோதுதான் அது மணல் என்று தெரிந்தது.

"எங்கம்மா போன?"

"பாண்டிச்சேரி."

சித்தப்பா வேல்ஸ்காரம்மாவைப் பார்த்து இங்கிலீஷும் தமிழும் கலந்து சத்தம் போடத் தொடங்கினார். அவர் ஒன்றும் புரியாமல் நின்றார். அம்மா நடுவில் வந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. நாந்தான் கூட்டிட்டுப் போனேன்."

"நீங்களா? உங்களுக்கு பஸ் ஏறவே தெரியாதே அண்ணி."

"கேட்டா சொல்றாங்க."

சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னிடமாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்றேன். "சொல்லியிருந்தா விட்டிருப்பியா?" என்றாள்.

ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள். பத்துப் பன்னிரண்டு நாளாகவே வேல்ஸ்காரம்மா நடக்கும்போது நின்று நின்று கிழக்கே பார்க்கிறாராம். சாப்பாடு கம்மியாகிவிட்டதாம். இது ஊர் ஏக்கம் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமாகி வந்த புதிதில் தனக்கும் அப்படித்தான் இருந்ததாம். வேல்ஸுக்குக் கூட்டிப்போக முடியாது. கடலுக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைத்திருக்கிறாள். பால்காரரிடம் யாருக்கென்று சொல்லாமல் பஸ்ஸை விசாரித்து, விடியற்காலையில் வேல்ஸ்காரம்மாவின் கையைப் பிடித்து மலைப் பக்கம் போகாமல் பஸ் ஸ்டாண்டுக்குத் திருப்பியிருக்கிறாள்.

கடற்கரையில் மீன்பிடிக் குப்பங்களைத் தாண்டி ஈர மணலிலேயே ரொம்ப தூரம் நடந்தார்களாம். ஒரு இடத்தில் வேல்ஸ்காரம்மா நின்று அழுதிருக்கிறார். அம்மா அழ விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றாளாம்.

"உனக்கு எப்படிம்மா இருந்தது, கடல்?"

யோசித்தாள். "மலைன்னா சுத்திட்டு வந்துடலாம். இதுல போனா போய்க்கிட்டே இருக்கணும். நாமதான் பார்த்து திரும்பணும்." பிறகு, "தண்ணி இழுக்குதுடி, காலுக்கடியில மண்ண. பயமா இருந்துச்சு. நல்லாவும் இருந்துச்சு" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து வேல்ஸ்காரம்மா ஊருக்குக் கிளம்பினார். அவர் ஆறு மாதம் கூடுதலாகத் தங்க நினைத்திருந்தது எனக்குத் தெரியும். கடலைப் பார்த்த பிறகு இருப்புக்கொள்ளவில்லை என்றார். அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். தான் அழைத்துப் போனதால்தான் அவர் போகிறார் என்று அவள் வருத்தப்படுவாளோ என்று பயந்தேன். "போவட்டும். அதுக்குத்தானே கூட்டிட்டுப் போனேன்" என்றாள். ஆனால் பஸ் கிளம்பியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நாலு நாள் அம்மா வெளியே போகவில்லை. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை என் தோளைத் தட்டினாள். தலை வாரி, புடவை மாற்றி நின்றாள்.

"நீ வர்றியா?"

எனக்குத் தூக்கம் கண்ணைச் சொருகியது. ஆனாலும் போனேன். அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணமாகி வேங்கிக்கால் பக்கம் குடிபோகிற வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு நான்தான் நடந்தேன். நடக்கும்போது அவள் வேறு ஆளாக இருந்தாள். தன் சின்ன வயசு, அப்பாவோடு போட்ட சண்டைகள், தனக்குப் பிடிக்காத உறவுக்காரர்கள் என்று வீட்டில் பேசாததையெல்லாம் பேசினாள். வழியில் பார்க்கிறவர்களெல்லாம் அவளை நின்று விசாரித்தார்கள். என்னைத்தான் அவர்களுக்கு யாரென்று தெரியவில்லை.

வேல்ஸ்காரம்மாவிடமிருந்து வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். எண்பதுகளின் நடுவில் வந்த ஒன்றில், பாதையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, இனி கடலை ஜன்னலிலிருந்து பார்ப்பதோடு சரி என்று எழுதியிருந்தார். படித்துக் காட்டினேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எழுது" என்றாள். நான் பேனாவை எடுத்தேன்.

"மூணு மாசம் கால ஊனக் கூடாதுனு எழுது. அப்புறம் வீட்டுக்குள்ளயே நடக்கணும், சுவரப் புடிச்சிக்கிட்டு. ஜாஸ்தி வேணாம், தினம் பத்து அடி. ஜன்னல்கிட்டயே உக்காந்துட்டா கால் மறந்துடும்னு எழுது."

அவங்க நர்ஸும்மா, அவங்களுக்குத் தெரியாதா என்றேன்.

"தெரியும். யாராவது சொல்லணும்ல" என்றாள் அம்மா.