பாஸ்போர்ட் திரும்பி வரும்வரை மூன்று தேத்தண்ணி

பாரிஸில் பல வருடமாக லொறி ஓட்டுகிறேன். கனடாவில் ஓட்டும் ஆசையில், லா சப்பல் பகுதித் தேத்தண்ணிக் கடையொன்றில், அங்கே ட்ரைவர்களை அனுப்பும் ஓர் ஏஜென்சிக்காரரைச் சந்தித்தேன்.

"இண்டைக்கே கையெழுத்து வையுங்கோ அண்ணை, நாளைக்கு இடம் இராது" என்று ஒப்பந்தத்தை என் முன்னால் வைத்தார். பதற்றத்தில், அவர் கேட்காமலே பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டேன். அது அவருடைய பைக்குள் போனது.

நல்லவேளை, ஒப்பந்தத்தைப் படமெடுத்து, டொராண்டோவில் லொறி ஓட்டும் மனைவியின் தம்பிக்கு அனுப்பினேன். உடனே அழைத்தான்.

"அத்தான், இது சம்பள வேலை இல்லை. அவையின்ரை லொறியை நீங்கள் குத்தகைக்கு எடுத்து ஓடோணும். பழுதானாலும் உங்கடை தலையிலைதான். அங்கை ஓடுற ஒரு ட்ரைவரோடை கதைக்கக் கேளுங்கோ."

கேட்டேன்.

"அவையள் எல்லாரும் லொறியோடை ரோட்டிலை நிக்கினம், இப்ப கதைக்கேலாது" என்றார் ஏஜென்சிக்காரர்.

மேசைக்கடியில் என் முழங்கால்கள் தாளம் போட்டன. வாய் மட்டும் வீரம் பேசியது.

"அவையள் வீடு வருமட்டும் இஞ்சையே இருக்கிறன் தம்பி. பாஸ்போர்ட்டை மேசையிலை வைச்சிட்டு, எனக்கு இன்னொரு தேத்தண்ணி சொல்லுங்கோ."

மூன்றாவது தேத்தண்ணியோடு பாஸ்போர்ட்டும் வந்தது.

கனடா ஆசையை நான் விடவில்லை. இப்போது எந்தக் கொம்பனியென்றாலும், அங்கே ஓடும் ட்ரைவரிடம் பேசிய பிறகுதான் காகிதத்தைத் தொடுகிறேன். அவசரப்படுத்துகிறவர்கள் தங்கள் இடத்தைத் தாங்களே வைத்திருக்கட்டும். என் முழங்கால் நடுங்கினால் நடுங்கட்டும். கையெழுத்து வைப்பது அதுவல்லவே.