அரியலூர்க்காரி பிஸ்கெட்

கல்யாணமான மூன்றாம் நாளே அந்த பிஸ்கெட்டின் பேச்சு என் காதில் விழுந்துவிட்டது. குரும்பலூரிலிருந்து பெரம்பலூருக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். எங்கள் அம்மா கை நோகச் சுற்றிக் கொடுத்தனுப்பிய முறுக்கில் ஒன்றை எடுத்துக் கடித்த என் வீட்டுக்காரர், "நல்லாருக்கு" என்றார். அதோடு வாயை மூடியிருக்கலாம். "ஆனா எங்க அத்த மவ சுடும் பாரு, நெய் பிஸ்கெட்டு! வாயில போட்டா அப்புடியே கரஞ்சிரும்" என்றார். முறுக்குக்கும் பிஸ்கெட்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்டிருப்பேன். புதுப்பெண் என்பதால் முறுக்கு டப்பாவை மூடி வைத்ததோடு சரி.

அந்த அத்தை மகளைத்தான் இவருக்குக் கட்டுவதாக இருந்தது. அத்தை வீடு அரும்பாவூரில். பள்ளிக்கூடம் லீவு விட்டால் இவர் அங்கேதான் கிடப்பாராம். பிறகு பெரியவர்களுக்குள் ஏதோ பேச்சு முறிந்துபோய், அவளை ரயில்வேயில் வேலை பார்க்கிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் அரியலூரில் குவார்ட்டர்ஸில் இருந்தாள். நான் அவள் பெயரைச் சொன்னதே கிடையாது. எனக்கு அவள் அரியலூர்க்காரி. முறைக்கு அவள் எனக்கு அக்கா ஆக வேண்டும். அந்த முறையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் பக்கம் வருகிற யாரிடமாவது ஒரு டின் பிஸ்கெட் கொடுத்துவிடுவாள். இவர் அதை அலமாரி மேல் தட்டில் வைத்து, நாளுக்கு ரெண்டு என்று எண்ணித் தின்பார். நான் சுட்ட அதிரசம் கீழ்த்தட்டில் காய்ந்துகொண்டிருக்கும். எனக்கும் ஒன்று நீட்டுவார். "எனக்கு பிஸ்கெட்டே புடிக்காது" என்பேன். பொய்தான். அவர் ஆபீஸ் போன பிறகு ஒரு தடவை எடுத்துத் தின்று பார்த்தேன். நன்றாக இருந்தது, பாவி. அதுதான் வயிற்றெரிச்சல்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் ஒன்று நடந்தது. அப்போதெல்லாம் பால்காரர் மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கண்ணெதிரே கறந்து ஊற்றுவார். கூடவே ஒரு செவலைக் கன்றும் வரும். இவர் அதற்கு வாழைப்பழத் தோல் கொடுப்பார், கழுத்தைச் சொறிந்துவிடுவார், அதனோடு நின்று பேசிக்கொண்டிருப்பார். என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. ஒரு வாரம் கன்றைக் காணோம். எட்டாம் நாள் பால்காரர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து, நாலு குச்சியைக் காலாக வைத்திருந்தார். முன்னால் நிறுத்தியதும் மாடு அதை நக்கிக்கொண்டே பாலை இறக்கியது. இவர் கையில் வாழைப்பழத் தோலோடு நின்றார். அன்றோடு பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். முட்டை எங்கள் வீட்டில் ஏற்கெனவே கிடையாது.

இப்போது அதற்கு வீகன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். அப்போது எங்கள் தெருவில் அதற்குப் பேர் கிறுக்கு. விருந்துக்குப் போன இடத்தில் பாயசம் வேண்டாம் என்பார், மோர் வேண்டாம் என்பார், "ஏம்மா, ஒன் வூட்டுக்காரருக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்பார்கள். எனக்கு எரிச்சல்தான். ஆனால் ஒரு மூலையில் குளுகுளுவென்றும் இருந்தது. நெய்யை விட்டாச்சு என்றால் நெய் பிஸ்கெட்டையும் விட்டாச்சு அல்லவா? ஒழிந்தாள் அரியலூர்க்காரி என்று நினைத்தேன்.

அந்தத் தீபாவளிக்கும் டின் வந்தது. விஷயம் அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்லி இவர் என்னிடம் நீட்டினார். நீட்டும் முன்னால் மூடியைத் திறந்தார். மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தார். அப்புறம் மூடினார். தின்னவே இல்லை, வெறுமனே மோந்து பார்த்தார். தின்றிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்கே முடிவு செய்தேன். பாலும் நெய்யும் படாமல் அதே பிஸ்கெட்டை நான் சுடுவேன். இவர் அதை வாயில் போட்டு, "அத்த மவ தோத்துப் போச்சு" என்று ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். எனக்கு அது போதும், நகை நட்டு ஒன்றும் வேண்டாம்.

மாதர் சங்கத்தில் ஒரு கிராமசேவிகா வந்து கேக் செய்யக் காட்டிக்கொடுத்திருந்தாள். அலுமினிய அண்டாவில் மணலைக் கொட்டி அடுப்பில் ஏற்றி, சூடு ஏறியதும் உள்ளே தட்டை வைத்து மூடி, மூடி மேலே கங்கு அள்ளிப் போட வேண்டும். வெள்ளாற்று மணல் ஒரு சாக்கு கொண்டுவரச் சொல்லிச் சலித்து வைத்தேன். முதல் தடவை கடலை எண்ணெய் விட்டுப் பிசைந்தேன். வெந்து வந்தது பாருங்கள், அம்மிக்கல்லில்தான் உடைக்க வேண்டும். இரண்டாவது தடவை தேங்காய்ப்பால். அது உப்பிக்கொண்டு இட்லிக்குத் தம்பியாக வந்தது. மூன்றாவது டால்டா. பிஸ்கெட் மாதிரி இருந்தது, உதிரவும் உதிர்ந்தது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

இவர் மூன்றையும் தின்றார். குறை சொல்லவில்லை. குறை சொன்னால் சண்டையாவது போடலாம். "நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்தார்.

"ஆனா?" என்றேன்.

"ஆனா என்ன ஆனா? நல்லாருக்குன்னுதான சொல்றேன்."

"அந்த ஆனா ஒங்க மூஞ்சியிலயே இருக்குங்க. சொல்லிருங்க."

"அந்த நெய் வாசன இல்ல, அவ்ளோதான். நெய் இல்லாம எப்புடிப் புள்ள நெய் வாசன வரும்? விடு. எனக்குக் குடுத்து வைக்கல."

எனக்குக் குடுத்து வைக்கல! பிஸ்கெட்டுக்கா சொன்னார், அவளுக்கா சொன்னார்? ரெண்டு நாள் குழம்பில் உப்பைக் கூட்டிப் போட்டேன்.

மாசி மாதம் என் சித்தி மகளுக்கு அரியலூர் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். இவருக்கு ஆபீஸ், வரவில்லை. குழந்தையைப் பார்த்தது கால் மணி நேரம். பிறகு கால் தானாக ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தது. கேட்காமல் விட்டால் இந்த ஜென்மத்தில் எனக்கு நிம்மதி கிடையாது என்று தோன்றியது.

கதவைத் திறந்தவளைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நான் மனதில் வைத்திருந்தது ஒரு ரம்பையை. இவள் ஒல்லியாக, முன்முடி நரைத்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள். யாரென்று சொன்னதும், "அடி ஆத்தி, வா தங்கச்சி! மாமா வரலையா?" என்றாள். மாமாவாம். நான் இத்தனை வருஷம் குடித்தனம் செய்தும் 'ஏங்க'வைத் தாண்டவில்லை.

இவர் பால் விட்ட கதையைச் சொன்னேன். கன்றுக்குட்டி விஷயம் கேட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது. "மாமாவுக்குச் சின்னதுலேருந்தே அப்புடித்தான் மனசு" என்றாள். அவள் எனக்கு அவரைச் சொல்லித் தருகிறாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அப்ப தீவாளிக்கு அனுப்புன பிஸ்கெட்ட திங்கலையா?" என்றாள்.

"நெய்யாச்சேக்கா."

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நெய்யா? எங்க வூட்ல மாடு ஏது, நெய்யி ஏது தங்கச்சி? எல்லாம் டால்டா. டால்டாவ உருக்கி, ரெண்டு கொத்து முருங்கக்கீரையப் போட்டு முறுமுறுன்னு பொரிய வுட்டு வடிகட்டிருவோம். நெய் காய்ச்சின வாசன அப்புடியே வந்துரும். வர்றது நாளைக்கி மருமவனா ஆவப்போற புள்ள, டால்டான்னு சொன்னா கொறச்சலா நெனப்பாங்கன்னு எங்க அம்மாதான் நெய்யின்னு சொல்லச் சொல்லுச்சு. அப்பறம் அந்தப் பேரே நின்னுருச்சு."

பாலும் நெய்யும் படாத பிஸ்கெட்டுக்காக நான் ஒரு சாக்கு மணலைக் கறுக்க வைத்தேன். அது இங்கே முதலிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது.

அவள் அப்போதே கொல்லை முருங்கையில் இரண்டு கொத்து ஒடித்துவந்தாள். மைதா, பொடித்த சீனி, ஒரு கை ரவை, ஆப்பசோடா, ஏலக்காய். தண்ணீர் ஒரு சொட்டு விடவில்லை. பவுடர் டப்பா மூடியால் வெட்டி வைத்து, என்னுடையது போலவே மணல் அண்டாவில் சுட்டாள். ஒன்றை உடைத்து என் வாயில் ஊட்டப் பார்த்தாள். நான் கையில் வாங்கிக்கொண்டேன். அதே ருசி, அதே வாசனை. டின் நிறையப் போட்டுக் கொடுத்தாள். "மாமாகிட்ட சொல்லு தங்கச்சி, இதுல நெய்யே கெடையாது, தாராளமா சாப்புடலாம்னு. எனக்கு இப்பத்தான் மனசே நெறஞ்சாப்புல இருக்கு" என்றாள்.

பஸ்ஸில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் என்ன ஆகும்? தீபாவளி மட்டுமில்லை, பொங்கல், ஆடி எல்லாவற்றுக்கும் டின் வரும். விட்டுப்போன தீபாவளிக்கும் சேர்த்துத் தின்பார். போய்ப் பார்த்து நன்றி சொல்லவேண்டும் என்பார். மாட்டேன். பெரம்பலூர் வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பிஸ்கெட்டை எல்லாம் என் எவர்சில்வர் டப்பாவில் மாற்றினேன். அவள் டின்னைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டேன்.

மறுநாள் சாயந்திரம் அண்டாவை அடுப்பில் ஏற்றி, மணலைச் சூடாக்கி, மூடி மேல் கங்கு போட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை. இவர் ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவி உட்கார்ந்தார். அரியலூர்க்காரியின் பிஸ்கெட்டில் ஆறு எடுத்துத் தட்டில் வைத்து, கடுங்காப்பியோடு நீட்டினேன். "புதுசா ஒரு பக்குவம். நெய் கெடையாது, பால் கெடையாது" என்றேன்.

ஒன்றைக் கடித்தார். மென்றார். இன்னொரு கடி கடித்தார்.

"பரவால்லயே, தேறிட்ட" என்றார். "வாசனகூட வருது. ஆனா என்ன சொல்லு, அத்த மவ சுடுறது மாதிரி வராது."

நான் தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினேன்.

"எது வரல?" என்றேன்.

"அது என்னமோ. அது அடுப்புலேருந்து எடுத்தவொடன கைய சுட்டுக்கிட்டு, ஊதி ஊதி உடைச்சு, பெரிய துண்ட எனக்குக் குடுக்கும். பாவாடையெல்லாம் மாவா இருக்கும். அந்த ருசி வராது புள்ள. நீ வருத்தப்படாத."

இது அவள் சுட்டதுதான் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் என் திருட்டும் வெளியே வரும், முருங்கைக்கீரையும் வெளியே வரும். விழுங்கிக்கொண்டேன். அரியலூரில் நரைத்த முடியோடு இருக்கிறவளைப் பற்றி இவர் பேசவே இல்லை. பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவளோடு நான் எந்த அடுப்பில் போட்டி போடுவது? மணலைக் கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் அரியலூரிலிருந்து கார்டு வந்தது. இவர் ஆபீஸில் இருந்தார், என் கையில்தான் கிடைத்தது. "மாமா சாப்பிட்டாரா, என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதவும்" என்று கேட்டிருந்தாள். ஆசையாகக் கேட்டிருந்தாள். எழுத்திலேயே தெரிந்தது.

நான் ஒரு கார்டு வாங்கிவந்து எழுதினேன். "உங்கள் பிஸ்கெட்டை அவர் சாப்பிட்டார். நீங்கள் முன்பு செய்தது போல் இல்லை என்று சொன்னார்." ஓர் எழுத்து பொய் கிடையாது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டு, நானே போய்ப் பெட்டியில் போட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜெயித்துவிட்டது போலத்தான் இருந்தது. அந்தத் தீபாவளிக்கு டின் வரவில்லை. அதற்கடுத்த தீபாவளிக்கும் வரவில்லை. "மறந்துருச்சு போல" என்று இவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் அதிரசத்தை நீட்டினேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்துக் குன்னத்தில் ஒரு வளைகாப்பில் அவளைப் பார்த்தேன். பெண்டுகள் மட்டும் இருந்த கூடம். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்து, பிள்ளைகளை விசாரித்தாள். மாமா சௌக்கியமா என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னிக்கு மாமா சொன்னது நெசந்தான் தங்கச்சி. வயசாவுதுல்ல, எனக்குக் கை வுட்டுப்போச்சு. நீ ஒளிக்காம எழுதுன பாரு, அதான் நல்லதாப் போச்சு. அதுக்கப்பறம் நான் பிஸ்கெட்டே சுடுறதில்ல."

நீங்க சுட்டதுதான்னு நான் அவருகிட்ட சொல்லவே இல்லக்கா என்று ஒரு வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது.

"ஆமாக்கா" என்றேன்.