பெயர் அழியாத நான்கு வரிகள்

அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். மென்பொருள் வெளியாவதற்கு முன்னால் ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் உள்ள உரிமக் குறிப்பை வரி விடாமல் படிப்பதுதான் பதினோரு வருடமாக அவர் வேலை.

அன்று மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, இந்த ஃபைலை எழுதினவரு யாரு வேணா எடுத்துக்கலாம்னு விட்டுட்டாரு. நாம அதைச் சேர்த்திருக்கற நம்ம சாஃப்ட்வேர், வெளிய குடுத்தா உள்ள இருக்கற புரோகிராம் கோடு முழுசையும் எல்லாருக்கும் திறந்து குடுக்கணும்ங்கிற லைசென்ஸ்ல இருக்கு. மொத்தமும் இனி அந்த லைசென்ஸ்தானே? தலையில அவரு பேரோட இருக்கற நாலு வரியைத் தூக்கிடுங்க.”

“மொத்தமும் அதுலதான் போகும், சரி. ஆனா அள்ளிக் குடுத்தவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு, என் பேரை எடுக்காதீங்கன்னு. அதுக்குக்கூட மனசு வரலையா உங்களுக்கு?”

“யாரு அக்கா அதைப் பார்க்கப் போறா?”

பூதக்கண்ணாடி நான்கு வரிகளையும் தொடவில்லை. மாற்றங்களைப் பதியும் குறிப்பில் மேலாளரின் முழுப் பெயரையும் போட்டு, ‘ஆசிரியர் பெயரை நீக்கச் சொன்னார்; நீக்கவில்லை’ என்று எழுதிச் சேமித்தார்.

மேலாளரின் முகம் சுண்டிப்போனது. “இதுவும் வெளிய போகுமா?”

“கோடோட சேர்ந்துதான் போகும், ஊரே படிக்கும்,” என்றார் அவர். “இப்ப சொல்லுங்க, யார் பேரை எடுக்கணும்?”