நாலு நாற்காலி சிவில் துறை

புதுக் கல்லூரியில் ஒரு துறைக்கு முதலில் பெயர்ப்பலகை வரும், அப்புறம் மாணவர்கள் வருவார்கள், கடைசியாகத்தான் வாத்தியார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மாட்டிக்கொண்டு விழித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் சிவில் துறையில் வாத்தியாராகச் சேர்ந்தேன். துறை என்பது நான் ஒருவன்தான். கட்டடம் கட்டச் சொல்லித்தரும் துறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. ஊரில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தாளாளரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே பாட்டுதான் பாடினேன்: "இன்னொரு ஆளைப் போடுங்க சார்."

குழு வந்தது

ஆள் வரவில்லை, கல்லூரியை ஆய்வு செய்யப் பல்கலைக்கழகக் குழு வந்தது. அதற்கு முந்தின நாள் தாளாளர் என் கொட்டகைக்கு நாலு நாற்காலி அனுப்பினார். குழுத் தலைவர் காலியான மூன்றைப் பார்த்து, "மத்தவங்க எங்கே?" என்றார். "வந்துகிட்டே இருக்காங்க" என்றார் தாளாளர், கூசாமல்.

குழு போனது, நாற்காலிகள் தங்கிவிட்டன. பேப்பர் திருத்த ஒன்று, சாப்பிட ஒன்று, சும்மா உட்கார ஒன்று என்று மாறி மாறி உட்கார்ந்தேன். நாலாவதில் அட்டெண்டர் ஏழுமலை உட்கார்ந்து என்னோடு டீ குடிப்பார். பாடம் நடத்துவதைத் தவிர அன்றைக்கு நான் பேசுகிற பேச்சு அவ்வளவுதான். தினமும் உள்ளே நுழையும்போதே கேட்பார்: "இன்னைக்கு எந்த சீட்டு சார்?"

மல்லாட்டைக் கொல்லை

சர்வே பிராக்டிகலுக்குப் பையன்களை அடி அண்ணாமலைப் பக்கம் கூட்டிப்போனேன். கொடியும் சங்கிலியுமாக இறங்கியதும், மல்லாட்டைக் கொல்லையில் நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவே களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்தார். கவர்மெண்டு நிலத்தை எடுக்கிறது என்று பயந்துவிட்டார். பசங்க படிக்கிறாங்க, அவ்வளவுதான் என்று நான் புரியவைப்பதற்குள் ஒரு குழு கோயில் கோபுரத்தையும் இன்னொரு குழு மலையையும் நோக்கிப் பிரிந்து போயிருந்தது. நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கத்தினேன்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தினி பேருக்கு நீ ஒருத்தனாப்பா? ஆடு ஓட்டவே எங்களுக்கு ரெண்டு ஆளு வேணும்."

பௌர்ணமி விருந்தாளி

தங்கியிருந்தது லாட்ஜில். பௌர்ணமி வந்தால் ரூமே கிடைக்காது. "ஒரே ஒரு நாள், உங்க ரூம்ல ஒருத்தரைப் போட்டுக்கலாங்களா?" என்று மேனேஜர் தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். அறையைப் பெருக்கினேன், இரண்டு பேருக்கு இட்லி வாங்கி வைத்தேன்.

வந்தவர் பையை வைத்துவிட்டு மலை சுற்றப் போனார். திரும்பி வந்ததும் கால்வலியோடு படுத்துத் தூங்கிவிட்டார். இட்லி ஆறிப்போனது. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மனசாரச் சொன்னார்: "ரொம்ப நன்றிங்க. ரூம்ல ஆளு இருக்கறதே தெரியல."

ஒருவழியாக

ஒருவழியாக ஆள் போட்டார்கள். அடுத்தடுத்து மூன்று பேர் சேர்ந்து, நாலு நாற்காலியும் நிரம்பின. ஏழுமலை டீ கிளாஸோடு வாசல்படியில் உட்கார்ந்துகொள்வார். டப்பாக்களைத் திறந்துவைத்து, ஒருவர் ஊறுகாயை இன்னொருவர் திருடி, ஒரே சண்டையும் சிரிப்பும்தான். அந்தச் சில வாரங்கள் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அப்புறம் துறைக்கு நிஜக் கட்டடமே வந்தது. ஒரு வருட சீனியர் என்பதால் என்னைத் துறைத் தலைவராக்கி, கதவு போட்ட தனி அறை கொடுத்தார்கள். முதல் நாள் மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் அறைக்குப் போனேன். சிரிப்புச் சத்தம் நின்றது. மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். ஏதோ கேட்க வந்தவன் போல ஒன்றைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். சாயங்காலம் ஏழுமலை டீ கொண்டுவந்தார். "உட்காருங்க, சேர்ந்தே குடிக்கலாம்" என்றேன். அவர் நாற்காலியைத் தொடக்கூட இல்லை: "ஐயோ, இது ஹெச்.ஓ.டி. ரூம் சார்! நீங்க குடிங்க, கிளாஸை அப்புறமா வந்து எடுத்துக்கறேன்."

ஆள் வேண்டும் ஆள் வேண்டும் என்று ஒரு வருடம் பாடிய பாட்டுக்குத் துறை நன்றாகத்தான் வளர்ந்தது, கூட உட்கார்ந்து டீ குடித்த ஒரே ஆளும் எழுந்து நிற்கிற அளவுக்கு.